மனித இழையத்தை அச்சிடுதல்: ஓர் உயிர்த்தொழினுட்பக் கம்பனியின் வரலாறு உணர்த்துவன

உயிருள்ள கலங்களை மையிற் கலந்து மனித இழையங்களை அச்சிடும் தொழினுட்பம் பற்றிய செய்திகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி வெளிவருகின்றன. காது அச்சிடப்பட்டது, இதயம் அச்சிடப்பட்டது என்னும் தலைப்புகளைக் காணும் வாசகர், சிறுநீரகமும் ஈரலும் வேண்டியபோது அச்சிட்டுப் பொருத்தப்படும் காலம் வந்துவிட்டதெனக் கருதுதல் இயல்பே. ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உறுப்பு மாற்றுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளனர் என்பதை நோக்குமிடத்து, அத்தகைய செய்திகள் எழுப்பும் எதிர்பார்ப்பின் ஆழத்தையும் விளங்கிக்கொள்ளலாம். ஆயின், நிகழ்ந்தது யாது, நிகழுமென வாக்களிக்கப்பட்டது யாது என்ற வேறுபாடு இச்செய்திகளில் மறைந்துபோகின்றது.

அவ்வேறுபாட்டை ஒரு குறிப்பிட்ட கம்பனியின் வரலாற்றினூடாகத் தெளிவுபடுத்த இக்கட்டுரை முயல்கின்றது. சுவீடன் நாட்டின் கோதென்பேர்க் நகரில் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட செல்லிங்க் என்னும் கம்பனியே அது. இக்கம்பனி விற்றது மனித இழையத்தை அன்று. இழையத்தை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருளையும் பொறியையுமே அது விற்றது. அதாவது, அதன் பண்டம் உற்பத்திச் சாதனமாகும். இவ்வுண்மையை மனங்கொண்டு நோக்கினால், இத்துறையின் சாதனைகளையும் எல்லைகளையும் மாத்திரமன்றி, அதன் பின்னுள்ள உடைமை உறவுகளையும் விளங்கிக்கொள்ளலாம்.

முன்வரலாறு

முப்பரிமாணப் பொருள்களைப் படை படையாக அடுக்கி ஆக்கும் முறையொன்றுக்கு ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சாள்ஸ் ஹல் 1984இல் காப்புரிமை கோரினார். 1986இல் அது வழங்கப்பட்டது. புறவூதாக் கதிர் பட்டதும் இறுகும் திரவப் பிசினையே அவர் பயன்படுத்தினார். உயிருள்ள பொருளுக்கும் அம்முறைக்கும் அப்போது தொடர்பேதும் இருக்கவில்லை.

அத்தொடர்பு வேறொரு வழியில் ஏற்பட்டது. 1988இல் ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில் பணியாற்றிய றொபேட் கிளீப், அலுவலகங்களிற் பயன்படும் மைவீச்சு அச்சுப்பொறியொன்றில் மைக்குப் பதிலாகப் பைபுரோனெக்ரின் என்னும் புரதத்தை நிரப்பினார். கலங்கள் பற்றிக்கொள்வதற்கு உதவுவது அப்புரதம். அது எக்கோலத்தில் அச்சிடப்பட்டதோ அக்கோலத்திலேயே கலங்களும் ஒட்டிக்கொண்டன. கலங்களை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்பது இதனால் உறுதியாயிற்று. தென் கரோலைனாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் போலண்டும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டளவில் அடுத்த படியைக் கடந்தனர். அவர்கள் உயிருள்ள கலங்களையே மைவீச்சுப் பொறியினூடாகச் செலுத்தினர். அம்முறைக்கு 2006இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

இதற்கு இணையாக இழையப் பொறியியல் என்னும் துறையும் வளர்ந்து வந்தது. றொபேட் லாங்கரும் யோசெப் வக்கான்ரியும் 1993இல் வெளியிட்ட கட்டுரை அத்துறையின் அடிப்படைகளை வகுத்தது எனலாம். உடலிற் கரைந்துபோகக்கூடிய பொருளாற் சாரம் ஒன்றை அமைத்து, அதன்மேற் கலங்களை விதைத்து வளர்ப்பது அதன் அடிப்படை முறையாகும். இம்முறையால் ஆக்கப்பட்ட சிறுநீர்ப்பைகள் ஏழு இளம் நோயாளருக்குப் பொருத்தப்பட்டமை பற்றி அந்தனி அற்றலா குழுவினர் 2006இல் அறிவித்தனர். இவை அச்சிடப்பட்ட உறுப்புகள் எனப் பின்னர் பல இடங்களில் எழுதப்பட்டமை தவறாகும். அச்சிறுநீர்ப்பைகளின் சாரங்களிற் கலங்கள் கையாலேயே விதைக்கப்பட்டன. சாதனையும் வாக்குறுதியும் ஒன்றோடொன்று மயங்குவதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மை என்னும் சிக்கல்

அச்சிடுதலில் பொறியே முதன்மையானது எனத் தோன்றலாம். ஆயின், இத்துறையின் உண்மையான சிக்கல் மையிலேயே அமைந்துள்ளது. பரவலாகப் பயன்படும் முறையில், கலங்கள் கலந்த கூழொன்று காற்றழுத்தத்தால் அல்லது ஆடுதண்டால் நுண்ணிய ஊசிமுனையினூடாக வெளியே தள்ளப்படுகின்றது. கணினியிற் பதிந்துள்ள வடிவத்துக்கேற்ப முனை அசைய, கூழ் நூல் நூலாகப் படிந்து படை மேற் படையாக உயர்கின்றது. மனிதக் கலத்தின் விட்டம் பொதுவாக 10 முதல் 20 மைக்குரோமீற்றர் வரையிலாகும். முனையின் துளை மில்லிமீற்றரின் சில பத்திலொரு பங்குகள் அளவினது. கலம் தாராளமாகப் புகத்தக்க துளையே அது எனினும், கூழ் தடிப்பாயின் அதனை வெளியேற்ற மிகுந்த அழுத்தம் வேண்டும். அவ்வழுத்தத்தால் எழும் உராய்வு கலத்தின் மென்சவ்வைக் கிழித்துவிடும். கூழ் நீர்ப்பாயின் கலம் பிழைக்கும். ஆனால் அச்சிட்ட வடிவம் நிலைக்காது வழிந்துவிடும். ஆகவே கலத்துக்கு நன்மை செய்யும் பண்பும் வடிவத்துக்கு நன்மை செய்யும் பண்பும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே மையை ஆக்குவோரின் பணியாகும்.

பற்பசையை நினைத்துக்கொண்டால் இதன் தீர்வு எளிதில் விளங்கும். அழுத்தும்போது அது இளகி வெளிவருகின்றது. அழுத்தம் நீங்கியதும் தூரிகையின்மேல் தன் வடிவத்தைக் காத்து நிற்கின்றது. இத்தகைய பண்புள்ள பொருளொன்றைக் கோதென்பேர்க்கின் சாமெர்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மரத்திலிருந்து பெற்றனர். மரக்கூழிலுள்ள செலுலோசு நார்களை மேலும் மேலும் பிரித்தால், சில மைக்குரோமீற்றர் நீளமும் சில பத்து நனோமீற்றர் அகலமும் கொண்ட நுண்ணிழைகள் கிடைக்கின்றன. இவை நீரில் ஒன்றோடொன்று பின்னிக் கூழாகின்றன. அழுத்தத்தின்போது இவ்விழைகள் ஒரே திசையில் ஒழுங்குபடுவதால் கூழ் இளகுகின்றது. அழுத்தம் நீங்க மீண்டும் பின்னிக்கொள்கின்றது.

ஆயின் நுண்ணிழைக் கூழ் மாத்திரம் போதாது. அச்சிட்ட வடிவம் நீரிற் கிடந்தாலும் கலையாதிருத்தல் வேண்டும். இதற்காகக் கபிலநிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேற்று அதனோடு சேர்க்கப்பட்டது. அல்ஜினேற்றின் நீண்ட மூலக்கூறுகள் கல்சியம் அயன்களைக் கண்டதும் அவற்றை இடையிலே பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று பிணைகின்றன. எனவே அச்சிட்டபின் கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் இட்டால், வெப்பமோ நச்சு இரசாயனமோ இன்றி வடிவம் இறுகிவிடுகின்றது.

இக்கலவையில் மனிதக் கசியிழையக் கலங்களை அச்சிட்டு மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. அச்சிட்ட கலங்களுள் ஒரு நாளின் பின் 73 சதவீதமும், ஏழு நாள்களின் பின் 86 சதவீதமும் உயிருடனிருந்தமை கண்டறியப்பட்டது. மனிதக் காதின் வடிவமும் முழங்கால் மூட்டிலுள்ள பிறைவடிவக் கசியிழையத்தின் வடிவமும் அவ்வாய்வில் அச்சிடப்பட்டன. 2017இல் கோதென்பேர்க் ஆய்வாளர் வெளியிட்ட பிறிதோர் ஆய்வில், இதே வகை மையில் மனித மூக்கின் கசியிழையக் கலங்களை அச்சிட்டுச் சுண்டெலிகளின் தோலின்கீழ் வைத்தபோது, 60 நாள்களில் மனிதக் கசியிழையம் உருவாகக் காணப்பட்டது.

கசியிழையம் முதலிலே தெரிவு செய்யப்பட்டதற்கு உயிரியற் காரணமொன்று உண்டு. கசியிழையத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. அதன் கலங்கள் சுற்றிலுமுள்ள பாய்மத்திலிருந்து பரவல் மூலம் கிடைப்பதைக் கொண்டே வாழ்கின்றன. இக்காரணத்தின் முக்கியத்துவம் பின்னர் தெளிவாகும்.

ஆய்வுகூடத்திலிருந்து சந்தைக்கு

சாமெர்ஸ் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் போல் கெற்றன்ஹோம். அவர்தம் மகன் எரிக் கெற்றன்ஹோமும், அவ்வாய்வுக் குழுவைச் சேர்ந்த ஹெக்ரர் மார்ட்டினசும் இணைந்தே செல்லிங்க் கம்பனியை நிறுவினர். அக்காலத்தில் ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் தத்தமக்கு வேண்டிய மையைத் தாமே கலந்து வந்தன. ஓரிடத்துக் கலவை இன்னோரிடத்துக் கலவையை ஒத்திருப்பதில்லை. ஆகவே ஓர் ஆய்வின் முடிவை மற்றோர் ஆய்வுகூடம் சரிபார்ப்பது கடினமாயிற்று. கலங்களைச் சேர்த்தவுடன் அச்சிடத்தக்க நிலையில், ஒரே தரத்தில், சிறு குழல்களில் அடைத்த மையை விற்கலாம் என்பதே நிறுவனரின் எண்ணம். மையைத் தொடர்ந்து, ஆய்வுகூட மேசையின்மேல் வைக்கத்தக்க சிறிய அச்சுப்பொறிகளையும் கம்பனி விற்கத் தொடங்கியது.

இவ்விடத்து, இதே துறையில் முன்னரே இறங்கிய பிறிதொரு கம்பனியை ஒப்பிடுதல் பயனுடைத்து. மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காபோர் ஃபோர்காக்ஸின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2007இல் தோன்றிய ஓர்கனோவோ, கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலிருந்து இயங்கியது. அது இழையத்தையே ஆக்கி விற்க முனைந்தது. மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கான அச்சிட்ட ஈரலிழையத்தை 2014இல் அது சந்தைக்கு விட்டது. நோயாளரின் உடலிற் பொருத்தும் ஈரலிழையத்தை ஆக்கும் திட்டத்தையும் மேற்கொண்டது. அவ்விழையம் போதிய காலம் செயற்படுவதை உறுதிப்படுத்த இயலாத நிலையில், 2019இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

செல்லிங்க் தெரிவு செய்த வழி வேறு. இழையம் உருவாயினும் உருவாகாவிடினும் ஆய்வுகூடத்துக்கு மையும் பொறியும் வேண்டும். நெல் விளைந்தாலும் பொய்த்தாலும் கலப்பை விற்றவனுக்கு அதன் விலை முன்னரே கிடைத்துவிடுகின்றது. உயிரியலின் நிச்சயமின்மையை ஆய்வாளரின் தோள்களில் விட்டு, ஆய்வின் கருவியைப் பண்டமாக்கியமையே இக்கம்பனியின் விரைந்த வளர்ச்சிக்குக் காரணமாகும். 2016 நவம்பரில், நிறுவப்பட்டு ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, அதன் பங்குகள் சுவீடனின் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டன.

உயிரியல் விதிக்கும் எல்லை

இவ்வளர்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இழையத்தை அச்சிடும் முயற்சி எந்நிலையில் இருந்தது என்பதை நோக்குதல் வேண்டும். உடலிலுள்ள பெரும்பாலான கலங்கள் அண்மையிலுள்ள குருதி மயிர்க்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்குரோமீற்றர் தூரத்துக்குள்ளேயே அமைந்துள்ளன. அதற்கப்பால் ஒட்சிசன் பரவல் மூலம் போதியளவு சென்றடைவதில்லை. ஆகவே சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈரற்றுண்டை எவ்வளவு நுட்பமாக அச்சிட்டாலும், அதனுள்ளே குருதிக்குழாய் வலையமைப்பு இல்லாவிடின் நடுவிலுள்ள கலங்கள் விரைவில் இறந்துவிடும். கசியிழையம் இத்தடையிலிருந்து இயல்பாகவே விலக்குப் பெற்றது. சிறுநீரகமும் ஈரலும் இதயமும் அவ்விலக்கைப் பெறவில்லை.

இத்தடையை மீறப் பல முயற்சிகள் நடைபெற்றுள்ளன. 2012இல் யோர்டன் மில்லர் குழுவினர் வெல்லக் கண்ணாடியால் நுண்வலையொன்றை அச்சிட்டு, அதனைச் சுற்றிக் கலங்களை நிரப்பியபின் வெல்லத்தைக் கரைத்து வெறுங்குழாய்களைப் பெற்றனர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் யெனிபர் லூயிஸ் குழுவினர் குளிர்விக்கும்போது திரவமாகி வெளியேறும் மையைக் கொண்டு 2014இல் இத்தகைய வழிகளை அமைத்தனர். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் அடம் ஃபைன்பேர்க் குழுவினர், அச்சிடப்படும் மென்பொருளைத் தாங்கி நிற்கும் கூழ்த் தொட்டியினுள்ளே கொலாஜன் புரதத்தை அச்சிட்டு, இதயத்தின் சில பகுதிகளை ஆக்கியமையை 2019இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் தால் துவிர் குழுவினர் முயலின் இதயமளவான வடிவமொன்றை மனிதக் கலங்களைக் கொண்டு அச்சிட்டனர். உலகெங்கும் இதயம் அச்சிடப்பட்டதெனச் செய்தி பரவியது. ஆயின் அதன் கலங்கள் சுருங்கினவேயன்றி, அது ஒருங்கிணைந்து குருதியைத் தள்ளும் உறுப்பாக இயங்கவில்லை.

மனித உடலிற் பொருத்தப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கது காதேயாகும். நியூயோர்க் கம்பனியொன்று, பிறவியிலேயே புறக்காது குறைவுற்ற இளம்பெண் ஒருவரின் சொந்தக் கசியிழையக் கலங்களைக் கொண்டு அச்சிடப்பட்ட காது அவருக்குப் பொருத்தப்பட்டதென 2022 யூனில் அறிவித்தது. பதினொரு பேரைக் கொண்ட சிறிய பரிசோதனையொன்றின் பகுதியாகவே அது திட்டமிடப்பட்டிருந்தது. இங்கும் வெற்றிக்கு அணித்தாக நின்றது கசியிழையமே என்பது மனங்கொளத்தக்கது.

மைக்கும் ஓர் எல்லை உண்டு. செலுலோசைச் செரிக்கும் நொதியம் மனித உடலில் இல்லை. அல்ஜினேற்றைச் சிதைக்கும் நொதியமும் இல்லை. ஆகவே நனோசெலுலோசு நெடுங்காலம் உடலினுள்ளே தங்கும். வடிவம் மாறாதிருக்க வேண்டிய காதுக்கு இது நன்மையாகலாம். கலங்களே தம் சுற்றத்தை அழித்துப் புதுப்பிக்க வேண்டிய ஈரலுக்கு இது தடையாகும். இதனால் விலங்குத் தோலின் கொலாஜனிலிருந்து பெறப்படும் ஜெலற்றினை இரசாயன முறையில் மாற்றி, ஒளியால் இறுகச் செய்யும் மைகளும் பயன்பாட்டுக்கு வந்தன. எல்லா இழையத்துக்கும் பொருந்தும் ஒரே மை என்னும் எண்ணம் நடைமுறையிற் கைகூடவில்லை. ஒவ்வோர் இழையமும் தனக்குரிய சூழலை வேண்டி நிற்கின்றது.

எனவே இப்பொறிகளின் உடனடிப் பயன் உறுப்பு மாற்றில் அன்று; மருந்தாய்விலும் நச்சாய்விலுமே ஆகும். அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிற் சோதித்து விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முற்றாகத் தடை செய்தது. மனிதப் பரிசோதனைக்கு முன் மருந்துகளைக் கட்டாயமாக விலங்குகளிற் சோதிக்கவேண்டும் என்ற விதியை ஐக்கிய அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. மெல்லிய தோற்படையும் சிறு ஈரற்றுணுக்கும் இச்சோதனைகளுக்குப் போதுமானவை. அவற்றுக்குக் குருதிக்குழாய் இன்றியமையாததன்று. உறுப்பை அச்சிடுதல் என்னும் பெருங்கனவின் நிழலில், உண்மையில் வளர்ந்தது இத்தாழ்மையான, ஆனால் பயன்மிக்க பணியேயாகும்.

இருவகைக் காலங்கள்

கசியிழையக் கலம் தன்னைச் சுற்றித் தனக்குரிய பொருளைச் சுரந்து இழையமாவதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். அவ்விழையம் மனித உடலிற் பாதுகாப்பாக நிலைக்குமென நிறுவ ஆண்டுகள் செல்லும். பங்குச் சந்தையோ காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கின்றது. இவ்விரு காலங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

சந்தையின் காலத்துக்கு ஈடுகொடுக்கக் கம்பனி கண்ட வழி, பிற கம்பனிகளை வாங்குதல் ஆயிற்று. 2018இல் ஜேர்மனியின் டிஸ்பெண்டிக்ஸ், 2019இல் சைற்றீனா, 2020இல் சயனியன் என ஒன்றன்பின் ஒன்றாக வாங்கப்பட்டன. 2021இல் மாத்திரம் ஐக்கிய அமெரிக்காவின் மற்ரெக், ஜேர்மனியின் நனோஸ்கிறைப், பின்லாந்தின் கினோலிஸ் முதலிய பல கம்பனிகள் இக்குழுமத்துள் வந்தன. அவ்வாண்டு குழுமத்தின் பெயர் பிக்கோ என மாற்றப்பட்டது. செல்லிங்க் என்னும் பெயர் அச்சுப்பொறிப் பிரிவுக்கு உரியதாயிற்று. இக்கொள்வனவுகளுக்கு வேண்டிய பணம் புதிய பங்குகளாலும் கடனாலும் திரட்டப்பட்டது. 2026இல் முதிர்வடையும் வண்ணம் 150 கோடி சுவீடிஷ் குரோனர் பெறுமதியான மாற்றத்தக்க கடன்முறிகள் 2021இல் வெளியிடப்பட்டன.

2021இல் உயர்ந்திருந்த பங்கின் விலை 2022இற் பெருவீழ்ச்சி கண்டது. வட்டி வீதங்கள் உயர, எதிர்காலத்தை நம்பி இடப்பட்ட முதல் பின்வாங்கியது. 2023இல் நிறுவனர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். வாங்கப்பட்ட கம்பனிகளை விற்கும் காலம் தொடங்கியது. நனோஸ்கிறைப் 2024இல் விற்கப்பட்டது. மற்ரெக் 2025இல் ஜேர்மனியின் சார்ட்டோரியஸ் கம்பனியின் கைக்கு மாறியது.

இவ்வீழ்ச்சி மையின் குறையால் ஏற்பட்டதன்று. அல்ஜினேற்று கல்சியத்தைக் கண்டு இறுகுவதை நிறுத்திவிடவில்லை. கலங்களும் முன்போலவே வளர்ந்தன. ஏறியதும் இறங்கியதும் எதிர்பார்ப்பின் விலையேயாகும். தனி மனிதரின் பேராசை என இதனைச் சுருக்கிவிடுதலும் பொருந்தாது. விரைந்து வளராத கம்பனிக்கு முதல் கிடைப்பதில்லை. முதல் பெற்ற கம்பனி விரைந்து வளர்ந்தே தீரவேண்டும். இவ்விதிக்குள் நுழைந்த எந்த ஆய்வும், தன் இயல்பான வேகத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை இழந்துவிடுகின்றது.

உடைமை பற்றிய வினா

அச்சிட்ட இழையத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன: அறிவு, பொருள், கலம். இம்மூன்றும் யாருக்கு உரியன?

அறிவை முதலில் நோக்குவோம். 1949ஆம் ஆண்டின் சுவீடியச் சட்டமொன்று, ஊழியரின் கண்டுபிடிப்புகள் மீது தொழில்வழங்குநருக்கு உரிமை அளிக்கின்றது. ஆயின் பல்கலைக்கழக ஆசிரியருக்கு அது விலக்களித்துள்ளது. அவர்தம் கண்டுபிடிப்பு அவருக்கே உரியது. ஐக்கிய அமெரிக்காவிலோ, கூட்டாட்சி அரசின் பணத்தால் எழும் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே உடைமையாக்கிக்கொள்ள 1980ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்தது. வழிகள் இரண்டு, சென்றடையும் இடம் ஒன்றே. இரண்டிலும் பொது நிறுவனத்தில் விளைந்த அறிவு தனியார் உடைமையாவதற்குத் தடையில்லை. இதனை முற்றாகத் தீமை எனலாகாது. ஆய்வேட்டிலேயே கிடந்திருக்கக்கூடிய மையைக் கம்பனியே பல நாட்டு ஆய்வுகூடங்களின் மேசைக்குக் கொண்டுசென்றது. சீரான தரமுள்ள மை கிடைத்தமையால் வெவ்வேறு ஆய்வுகளின் முடிவுகளை ஒப்பிடுதலும் ஓரளவு எளிதாயிற்று.

ஆனால் பொருளை நோக்குமிடத்து முரண்பாடு புலனாகின்றது. விற்கப்படும் மையின் முழுமையான சேர்க்கை வணிக இரகசியமாக இருக்குமாயின், அம்மையைப் பயன்படுத்தும் ஆய்வாளர் தாம் செய்த பரிசோதனையின் ஒரு பகுதியைத் தாமே அறியாதவராகின்றார். பிறர் அதனை மீளச் செய்து பார்க்க வேண்டுமாயின் அதே குழலை அதே கம்பனியிடம் வாங்கவேண்டும். பரிசோதனையின் சகல கூறுகளும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் அடிப்படை அறம். ஆய்வுகளை ஒப்பிடத்தக்கதாக்க வந்த மையே, ஆய்வின் வெளிப்படைத்தன்மைக்குத் தடையாகவும் அமையலாம். மாற்றுவழி இல்லாமலில்லை. கார்னெகி மெலன் குழுவினர், சாதாரண முப்பரிமாண அச்சுப்பொறியொன்றை உயிரச்சுப்பொறியாக மாற்றும் ஊசிக்குழல் அமைப்பின் வரைபடங்களை 2018இல் எவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட்டனர். அச்சுப்பொறியை வாங்க வசதியற்ற ஆய்வுகூடங்களுக்கு இத்தகைய வெளியீடுகளின் பெறுமதி மிகப் பெரிது.

மூன்றாவது கூறு கலம். எந்தக் கம்பனியும் கலத்தைப் படைப்பதில்லை. அது ஒரு மனிதரின் உடலிலிருந்தே பெறப்படுகின்றது. 1951இல் பால்ரிமோர் நகரில் ஹென்றியெற்றா லக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவரறியாமல் எடுக்கப்பட்ட கலங்கள் இன்றுவரை உலகெங்கும் வளர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றால் இலாபமடைந்த பெருங்கம்பனியொன்று அவர்தம் குடும்பத்தினருடன் இணக்கத்துக்கு வந்தது 2023இலேயே. நோயாளர் ஜோன் மூரின் மண்ணீரற் கலங்களிலிருந்து அவரறியாமற் காப்புரிமை பெறப்பட்ட வழக்கில், அகற்றப்பட்ட கலங்கள்மீது அவருக்கு உடைமையில்லை எனக் கலிபோர்னியா உயர் நீதிமன்றம் 1990இல் தீர்த்தது. தம் பொருளாதார நலனை நோயாளருக்கு மருத்துவர் வெளிப்படுத்தியிருக்க வேண்டும் எனவும் அது கூறியது. ஆகவே, கலம் தந்தவருக்கு உடைமையில்லை. அக்கலத்திலிருந்து பெறப்பட்டதற்குக் காப்புரிமை உண்டு. அச்சிட்ட இழையம் நாளை பண்டமாகுமாயின், இச்சமமின்மையும் அதனோடு அச்சிடப்படும்.

முடிவுரை

மனித இழையத்தை அச்சிடும் முயற்சி பொய்யன்று; அது முதிராதது. கசியிழையம் கைக்கெட்டும் தூரத்திலும், தோற்படையும் ஈரற்றுணுக்கும் மருந்தாய்வில் பயன்படும் நிலையிலும் உள்ளன. முழுச் சிறுநீரகம் இன்னும் தொலைவிலுள்ளது. அத்தொலைவைக் குறைப்பது பொறியின் வேகமன்று, குருதிக்குழாய் பற்றிய உயிரியல் அறிவே. உறுப்புக்காகக் காத்திருக்கும் நோயாளருக்கு இவ்வுண்மையைச் சொல்லவேண்டிய கடப்பாடு விஞ்ஞானிகளுக்கு உண்டு. பங்கு வாங்குவோருக்குச் சொல்லப்படும் கதை அவருக்குரியதன்று.

பொதுப்பணத்தால் இயங்கும் பல்கலைக்கழகங்களில் உள்ளோர் இவ்வரலாற்றிலிருந்து மூன்று கோரிக்கைகளை வகுத்துக்கொள்ளலாம். பொதுப்பணத்தாற் செய்யப்படும் ஆய்வுகளில் பயன்படும் மையின் சேர்க்கை வெளியிடப்படுதல் வேண்டும். கலம் தருபவர், தம் கலம் எதற்குப் பயன்படும், யாருக்கு வருவாய் தரும் என்பதை அறிந்தபின்னரே இசைவளித்தல் வேண்டும். நீண்டகாலம் வேண்டும் ஆய்வுகளுக்குச் சந்தையின் காலாண்டுக் கணக்கைச் சாராத நிதி ஒதுக்கப்படுதல் வேண்டும். இவை நிறைவேறுவதாலேயே சிறுநீரகம் அச்சாகிவிடாது. ஆயின் அது அச்சாகும் நாளில், அதனை விலைகொடுத்து வாங்க வல்லவர் மாத்திரம் உயிர்பிழைக்கும் நிலையைத் தவிர்ப்பதற்கு, மையும் பொறியும் மாத்திரம் சந்தையில் உள்ள இக்காலமே உரிய காலமாகும்.